பந்தாட்டத்தில் பட்ட அடி

ஈப்போ
5-7-36

என் கண்ணு சீதைக்கு, உன் அக்கா புஷ்பம் ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது. இங்கே மூன்று பேரும் ஆண்டவன் தயவில் நடமாடிக்கொண்டிருக்கிறோம். உனக்கும் உன் வீட்டுக்காரருக்கும் உடம்பு எப்படி என்று ஒரு வரி போடு.

விஷயம் இதுதான். வாசு பள்ளிக்கூடத்தில் சின்னப் பையன்களுக்கு ஒரு பந்தாட்டக் கோஷ்டி வைத்திருக்கிறார்கள். ரக்பி என்று பேர். பந்து கோழிமுட்டை மாதிரி இருக்கிறது. அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒருத்தன் ஓட வேணும், மற்ற எல்லாரும் விழுந்து அவனை அமுக்க வேணும். இதைக் கண்டுபிடிக்க ஒரு வெள்ளைக்காரன் வேணுமா, சொல்லு! ஆகஸ்டு லீவில் இந்தக் கோஷ்டி கோலாலம்பூருக்கு வந்து அங்கே ஒரு ஆட்டமும் கிள்ளானில் ஒரு ஆட்டமும் ஆடப் போகிறதாம். சொந்தக்காரர் இருக்கிற பிள்ளைகள் அவரவர் வீட்டில் தங்கலாம், மற்றவர்கள் பள்ளிக்கூட ஹாலில் படுக்க வேணும். சின்னம்மா வீட்டில்தான் தங்குவேன் என்று வாசு ஒற்றைக்காலில் நிற்கிறான்.

ஒன்று சொல்லிவைக்கிறேன். இந்த விளையாட்டில் அடி படும். உடம்பெல்லாம் கன்றிப்போயிருக்கும். பார்த்துப் பதறாதே, அவனைக் குடையாதே.

தங்களுடைய அத்தான் அவர்கள் பிள்ளையின் கல்வியிலும் ஒழுக்கத்திலும் மிகுந்த சிரத்தை எடுத்துவருகிறார்கள் என்பதையும் தெரிவித்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
புஷ்பவல்லி


பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்
12-7-36

அக்காவுக்குக் கும்பிடு. நான் சுகம், அவர் சுகம், பின்கட்டில் இருக்கிற கோழிகளும் சுகம். உன் இடுப்பு வலி எப்படி இருக்கிறது?

வாசு வருவதற்குக் கேள்வி வேறயா? அனுப்பி வை. இந்த ரயில்வே குவாட்டர்ஸில் சின்னப்பிள்ளை சத்தம் கேட்காத வீடு எங்கள் வீடு ஒன்றுதான். வெள்ளிக்கிழமை வந்தால் சனிக்கிழமை காலை நல்லெண்ணெய் காய்ச்சித் தேய்த்து, சீயக்காய் போட்டுக் குளிப்பாட்டி, பாசாரில் நண்டு வாங்கிச் சமைத்துப் போடுவேன். அவர் லோகோ ஷெட்டில் லீவு சொல்லிவிட்டு மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரி கூட்டிக்கொண்டு வருவார்.

ஒரு சந்தேகம். கடுதாசியில் பாதிவரைக்கும் நீ பேசினாய். அதற்கப்புறம் யார் பேசினது? "தங்களுடைய அத்தான் அவர்கள்" என்று என்னிடம் என்றைக்கு நீ எழுதியிருக்கிறாய்? உறைமேல் விலாசமும் அத்தான் கையெழுத்து. நீ எழுதுகிறதை அவர் படித்துப் பார்த்துத்தான் தபாலில் போடுகிறாரா? சும்மா கேட்டேன், கோபித்துக்கொள்ளாதே. குடையாதே என்று வேறு எழுதியிருக்கிறாய். நீ வேண்டாம் என்றால்தான் எனக்குக் கை குறுகுறுக்கும், தெரியாதா உனக்கு!

உன் அன்புத் தங்கை,
சீதை


பிரிக்பீல்ட்ஸ்
17-8-36

அக்காவுக்கு, சீதை எழுதுவது. நாங்கள் நன்றாக இருக்கிறோம். வாசு பத்திரமாக வந்து சேர்ந்தானா? போன இடத்தில் இளைத்துவிட்டான் என்று சொல்லிவிடாதே, நண்டுக்குக் காசு கொடுத்தவர் அழுதுவிடுவார்.

அக்கா, ஒரு காரியம் மனசைப் போட்டு அரிக்கிறது. சனிக்கிழமை எண்ணெய்க் கிண்ணத்தோடு நிற்கிறேன், பிள்ளை சட்டையைக் கழற்றமாட்டேன் என்கிறான். எனக்கென்னடா வெட்கம், உன் அரைஞாண் கயிறு கட்டினதே நான்தான் என்றாலும் அசையவில்லை. சரி போ என்று உச்சந்தலையில் எண்ணெயை ஊற்றிவிட்டேன். அது கழுத்து வழியாக இறங்கி, மல் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. உள்ளே இருந்தது தெரிந்துபோச்சு. கோடு கோடாக இருந்தது அக்கா. பழசின்மேல் புதுசு.

"என்னடா இது?" என்றேன். "ரக்பி, சின்னம்மா" என்றான். அதைச் சொல்ல அவன் யோசிக்கவே இல்லை.

நானும் நம்பினேன். புதன்கிழமை கிள்ளானுக்கு ரயிலேறிப் போய் ஆட்டத்தையும் பார்த்தேன். அடேயப்பா, உன் பிள்ளை என்ன ஓட்டம் ஓடுகிறான்! ஓரமாக ஓடுகிற வேலை அவனுக்கு. பந்து கைக்கு வந்தால் அவ்வளவுதான், கிள்ளான் பையன்கள் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கிறார்கள். ஒரே ஒரு முறை ஒரு தடியன் காலைப் பிடித்து இழுத்துச் சேற்றில் தள்ளினான். நான் போட்ட சத்தத்தில் பக்கத்தில் நின்ற துரைசாணி குடையைக் கீழே போட்டுவிட்டாள். அன்றைக்குச் சாயங்காலம் பார்த்தேன். முட்டியில் சிராய்ப்பு, தாடையில் வீக்கம், முழங்கை நீலம். பந்தாட்டத்தில் பட்ட அடி எப்படி இருக்கும் என்று இப்போது எனக்குத் தெரியும். முதுகில் கோடு போடாது அது.

அதுவும் இங்கே ஒரு ஆட்டம்கூட ஆடுவதற்கு முன்னால் பார்த்தது. யார் அடித்தது? அந்த விளையாட்டு வாத்தியாரா? அவர்மேல்தான் எனக்குச் சந்தேகம், ஆள் சிரிக்கவே மாட்டேன் என்கிறார். அத்தானிடம் சொல். ஆபீசில் தலைமைக் கிராணியாக இருக்கிறவர் போய்க் கேட்டால் தலைமையாசிரியர் துரை பதில் சொல்லித்தானே ஆக வேணும்.

உடனே எழுது.
சீதை


ஈப்போ
7-9-36

சௌபாக்கியவதி சீதாலெட்சுமிக்கு, புஷ்பவல்லி எழுதிக்கொண்டது. இவ்விடம் அனைவரும் க்ஷேமம். அவ்விடத்து க்ஷேமத்தைக் கேட்டுச் சந்தோஷம்.

வாசுவின் முதுகில் கண்டது பயிற்சியின்போது ஏற்பட்டதேயாகும். வாத்தியார் மேல் குற்றம் சொல்லுதல் நமக்கு அழகல்ல. இதைப்பற்றி இனி எழுத வேண்டாம். அத்தான் அவர்களுக்கு ஆபீசில் வேலை அதிகம். சபைக் காரியதரிசி என்கிற பொறுப்பும் இருப்பதால் இத்தகைய சில்லறை விஷயங்களால் அவர்கள் மனம் வருந்துகிறது.

குளியலறையில் வழுக்கி விழுந்து வலது கை சுளுக்கிக்கொண்டதால் பதில் எழுதத் தாமதமாயிற்று. எழுத்தும் கோணல். மன்னிக்கவும்.

புஷ்பவல்லி


பிரிக்பீல்ட்ஸ்
12-9-36

அக்கா, கை எப்படி இருக்கிறது? அதை முதலில் சொல். மற்ற சுகமெல்லாம் அப்புறம்.

எந்தக் குளியலறை அக்கா அது? போன பொங்கலுக்கு நான் வந்தபோது உன் கன்னம் வீங்கியிருந்தது. அதுவும் குளியலறைதான் என்றாய். அங்கே நானும் குளித்தேன், எனக்கு ஏன் வழுக்கவில்லை? வாத்தியார் வாத்தியார் என்று எழுதினேனே, என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேணும். வாத்தியார் அடித்திருந்தால் நீ வரிந்துகட்டிக்கொண்டு பள்ளிக்கூட வாசலில் போய் நின்றிருப்பாய். நீ சும்மா இருக்கிறாய் என்றால் அடிக்கிறவர் வீட்டுக்குள்ளேதான் இருக்கிறார்.

அத்தான்தானே? ஆமாம் இல்லை என்று ஒரு வார்த்தை எழுது. பிள்ளையை என்னிடம் அனுப்பிவிடு. இந்த ஊரில் பள்ளிக்கூடமா இல்லை? நீயும் வா. எனக்குச் சோறு இறங்கவில்லை அக்கா.

சீதை


ஈப்போ
16-9-36

திருமதி சீதாலெட்சுமி பழனியப்பன் அவர்களுக்கு, கன்னையா எழுதுவது. தங்கள் இருவரின் தேக சௌக்கியத்தையும் கோருகிறேன்.

தாங்கள் என் மனைவிக்கு எழுதிய கடிதத்தைப் படித்தேன். இவ்வீட்டுக்கு வரும் கடிதங்கள் அனைத்தையும் நான் படிப்பதுதான் வழக்கம். ஒரு குடும்பத்தலைவன் தன் பிள்ளையைத் திருத்துவதற்கு எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. பிள்ளை பெறாதவருக்குப் பிள்ளை வளர்ப்பின் கஷ்டம் தெரியாதது இயற்கையே. ஆயின் அடுத்தவர் பிள்ளைமேல் கண் வைத்து, தாயையும் பிள்ளையையும் வீட்டைவிட்டுப் பிரிக்க நினைப்பது பாவம் என்பதைத் தாங்கள் உணர வேண்டும்.

இத்தனைக்கும் காரணமான பந்தாட்டத்தை நிறுத்திவிட்டேன். இனி என் மனைவி தங்களுக்கு எழுத மாட்டாள்.

இங்ஙனம்,
கன்னையா


ஈப்போ
11-10-36

சின்னம்மாவுக்கு வாசு வணக்கம். சித்தப்பாவுக்கும். நீங்க ரெண்டு பேரும் நல்லா இருப்பீங்கன்னு நெனைக்கிறேன். நான் நல்லா இருக்கேன். இதை எங்க கோஷ்டியில ஆடுற பாலன் வீட்டுலேர்ந்து எழுதுறேன். பாலனோட அண்ணன் தபால்ல போடுவாரு. நீங்க பதில் போடாதீங்க.

சின்னம்மா, இனிமே அந்த மாதிரி கடுதாசி எழுதாதீங்க. உங்க மேல கோவம் இல்ல. நீங்க எழுதினது வந்த அன்னிக்கு அம்மாவுக்குத்தான் ரொம்பக் கஷ்டமாப் போச்சு. இப்ப எழுந்து நடக்கிறாங்க.

நீங்க கேட்டப்ப நான் ரக்பின்னு பொய் சொன்னேன். ஏன்னு சொல்லிடறேன். போன வருஷம் பள்ளிக்கூடத்துல ஒரு வாத்தியார் என் கையைப் பாத்து என்னடான்னு கேட்டாரு. பதில் சொல்லத் தெரியல. அவரு வீட்டுக்கு வந்து அப்பாகிட்ட கேட்டுட்டுப் போனாரு. அப்புறம் என்ன நடந்துச்சுன்னு எழுத வேணாம். அப்பதான் பாத்தேன், ரக்பி ஆடுற பையன்களுக்கு எப்பவும் காயம் இருக்கும், யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. அதுக்காகத்தான் போய்ச் சேந்தேன். அப்புறம் நெசமாவே புடிச்சுப் போச்சு.

இப்ப அதுவும் இல்ல. அப்பாவோட ரோத்தான் பிரம்பு பட்டா படியில விழுந்தேன்னு சொல்றேன். எத்தனை தடவைதான் படியில விழ முடியும் சின்னம்மா?

நவம்பர் இருபத்தொண்ணாந் தேதி எங்க கோஷ்டி மறுபடியும் கிள்ளானுக்கு வருது. நான் இல்லாம தோத்துடுவாங்கன்னு வாத்தியார் தலைமையாசிரியர் துரைகிட்டச் சொல்லியிருக்காராம். துரை அப்பாவைக் கூப்பிட்டுக் கேப்பாருன்னு பாலன் சொல்றான். எனக்கு நம்பிக்கை இல்ல.

வாசு


பிரிக்பீல்ட்ஸ்
17-10-36

மரியாதைக்குரிய அத்தான் அவர்களுக்கு, சீதாலெட்சுமி அநேக நமஸ்காரம். தங்கள் சுகமும் அக்கா, வாசு சுகமும் அறிய ஆவலாக இருக்கிறோம்.

நான் புத்திகெட்டுப்போய் எழுதின கடிதத்தைத் தாங்கள் பெரிய மனசு பண்ணி மன்னிக்க வேண்டும். பெண்பிள்ளை, முன்கோபி, தங்களுக்குத் தெரியாததா. அத்தான் கண்டிப்பாக இருப்பதால்தான் வாசு வகுப்பில் முதலாக வருகிறான் என்று இவர் என்னைத் திட்டினார். அதுவும் நியாயந்தான்.

அப்படி நான் கண்டபடி எழுதினதற்கு ஒரு காரணமும் உண்டு. வெளியே சொன்னால் கண் பட்டுவிடும் என்று இத்தனை நாள் சொல்லாமல் இருந்தோம். எட்டு வருஷம் கழித்து ஆண்டவன் கண் திறந்திருக்கிறான். வரும் கார்த்திகை மாதம், நவம்பர் இருபத்திரண்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை எனக்கு வளைகாப்பு. எனக்கு அம்மா இல்லை. கூடப்பிறந்தவள் வந்து முதல் வளையல் போடாவிட்டால் ஊர் என்ன சொல்லும்? அத்தான் அனுமதி கொடுத்து அக்காவை அனுப்பிவைக்க வேண்டும். தாங்களும் வந்து ஆசீர்வதித்தால் என் பாக்கியம். ஆபீஸ் வேலை விடாது என்பதும் தெரியும்.

தங்கள் அடியாள்,
சீதாலெட்சுமி


ஈப்போ
26-10-36

சீதாலெட்சுமி அவர்களுக்கு ஆசீர்வாதம். இங்கு யாவரும் சுகம்.

சுபசெய்தி கண்டு மகிழ்ந்தேன். ஆயினும் ஆகஸ்டு மாதம் தங்கள் வீட்டில் தங்கிய வாசுவிடம் விசாரித்ததில் அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை என்கிறான். எனவே தங்கள் கணவர் கைப்பட ஒரு கடிதம் எழுதினால் எனக்குத் திருப்தியாக இருக்கும்.

தலைமையாசிரியர் துரை என்னை நேரில் அழைத்து, கிள்ளான் ஆட்டத்துக்கு வாசுவை அனுப்பும்படி கேட்டுக்கொண்டார். அன்னாரின் வார்த்தையை மறுக்க இயலவில்லை. பந்தாட்டக் கோஷ்டி செல்லும் அதே ரயிலில் என் மனைவியும் வந்து, ஞாயிறு விசேஷம் முடிந்து, திங்கட்கிழமை திரும்பிவிட வேண்டும்.

கன்னையா


பிரிக்பீல்ட்ஸ்
30-10-36

அண்ணன் கன்னையா அவர்களுக்கு, பழனியப்பன் வணக்கம். சுகம். தாங்களும் அப்படியே என்று நம்புகிறேன். சீதா எழுதினது எல்லாம் சரி. விசேஷம் உண்டு. அவர்களை அனுப்பிவைக்கவும். நான் ஸ்டேஷனில் நிற்பேன்.

பழனியப்பன்


ஈப்போ
14-11-36

என் தங்கம் சீதைக்கு, அக்கா ஆயிரம் முத்தம். அத்தான் உத்தரவின்பேரில் எழுதுகிறேன். உடம்பைப் பார்த்துக்கொள். காலையில் வாந்தி நின்றுவிட்டதா? மாங்காய் கேட்கிறதா? கனம் தூக்காதே, அடுப்படியில் ரொம்ப நேரம் நிற்காதே.

உன் வயிற்றில் ஒன்று தங்கியிருக்கிறது என்று கேட்டதும் கோயிலுக்கு ஓடினேன். உனக்காக அங்கே நான் விடாத கண்ணீரா? பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடி வளையல் வாங்கிவைத்திருக்கிறேன். உன் கை அளவு எனக்கு மறக்குமா? இனிமேல் எனக்கு என்ன ஆனாலும் கவலை இல்லை சீதை. என் ஆயுசில் ஒரு நல்ல காரியம் பார்த்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை வருகிறோம்.
புஷ்பம்


பிரிக்பீல்ட்ஸ்
29-11-36

அத்தானுக்கு, சீதாலெட்சுமி எழுதுவது. இந்தக் கடிதத்தில் உங்கள் சுகத்தை விசாரிக்கவில்லை. மறந்துபோய் விட்டுவிட்டேன் என்று நினைக்க வேண்டாம்.

திங்கட்கிழமை ரயிலில் அக்காவும் வாசுவும் ஏன் வரவில்லை என்று மூன்று தந்தி அடித்துவிட்டீர்கள். பதில் இதுதான். எனக்கு வளைகாப்பும் இல்லை, வயிற்றில் ஒன்றும் இல்லை. நான் சொன்னது பச்சைப் பொய். பிள்ளை இல்லாதவள் அடுத்தவர் பிள்ளைமேல் கண் வைக்கிறாள் என்று எழுதினீர்களே, எனக்கே ஒன்று வருகிறது என்றால் உங்கள் சந்தேகம் போய்விடும் என்று கணக்குப் போட்டேன். போய்விட்டது. அந்தப் பொய்யை எழுத நான் என்ன பாடு பட்டேன் என்று உங்களுக்குச் சொல்லப் போவதில்லை. என் வீட்டுக்காரர் பிறந்ததிலிருந்து பொய் சொன்னவரில்லை. அந்த நாலு வரியை எழுதிவிட்டு அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை.

அக்காவும் என்னை மன்னிக்கவில்லை. வளையலை வைத்துக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். "இதிலேயாடி பொய் சொல்லுவே, பாவி" என்று என்னை அறைந்தாள். அறையட்டும், அவள் கையால் எத்தனை வேண்டுமானாலும் வாங்கிக்கொள்வேன். அடுத்த ரயிலுக்கே திரும்பிப் போகிறேன் என்று மூட்டையைக் கட்டினாள். சொல்லாமல் தங்கிவிட்டால் நீங்கள் என்ன செய்வீர்கள் என்ற பயம் அவளுக்கு. பிள்ளை ஆடுவதை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போ என்று கெஞ்சி, சனிக்கிழமை கிள்ளானுக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

அவள் அதுவரைக்கும் பார்த்ததே இல்லையாம். நீங்கள் விடவில்லை. வாசு பந்தோடு ஓடினான், இரண்டு பேர் சேர்ந்து அவனைச் சாய்த்தார்கள், மேலே நாலு பேர் விழுந்தார்கள். அக்கா அலறிக்கொண்டு திடலுக்குள்ளேயே ஓடப் பார்த்தாள், நான் புடவையைப் பிடித்து இழுத்தேன். பையன் எழுந்து சேற்றைத் துடைத்துக்கொண்டு சிரித்தான். ஆட்டம் முடிந்து வந்ததும், "இவ்வளவு அடி வாங்கிட்டுச் சிரிக்கிறியேடா, உனக்கு வலிக்கலையா?" என்று கேட்டாள். "வலிக்குதும்மா. ஆனா இதுல நானும் திருப்பிப் பிடிக்கலாம். விசில் ஊதினா எல்லாரும் விட்டுடுவாங்க" என்றான்.

அதற்கப்புறம் அக்கா ரயிலைப் பற்றிப் பேசவில்லை. வீடு வரும்வரைக்கும் அவன் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். மறுநாள் காலை அவளாகவே மூட்டையைப் பிரித்தாள்.

அந்தச் சிரிக்காத விளையாட்டு வாத்தியாரிடம் வாசுவை நானே கூட்டிக்கொண்டு போய் முதுகைக் காட்டினேன். அவர்மேல் சந்தேகப்பட்ட பாவத்துக்குக் கைகூப்பி மன்னிப்பும் கேட்டேன். அவரே வாசுவின் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டார். ஈப்போ போனதும் தலைமையாசிரியர் துரையிடம் சொல்கிறேன் என்றார். துரை வார்த்தையை மறுக்க மாட்டீர்களே, அவர் கூப்பிட்டு அனுப்பினால் போய்ப் பதில் சொல்லிக்கொள்ளுங்கள். ஜனவரியில் வாசுவை இங்கேயே ஒரு பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போகிறோம்.

இங்கே வருவதானால் வாருங்கள். என் வீட்டுக்காரர் ஷெட்டிலிருந்து சீக்கிரம் வந்துவிடுகிறார், அவரோடு வேலை செய்கிறவர்களும் சாயங்காலம் எங்கள் வாசலில்தான் உட்கார்ந்து பேசுகிறார்கள்.

இன்று காலை வாசு குழாயடியில் குளிக்கப் போனான். பக்கத்து வீட்டுத் தங்கமணி அக்கா குடத்தோடு வந்தவர் அவன் முதுகைப் பார்த்துவிட்டு, "ஐயோ தம்பி, பந்து விளையாட்டுல பட்ட அடியா?" என்று கேட்டார்.

"இல்லக்கா, எங்கப்பா" என்றான்.

சீதாலெட்சுமி